கேட்கும் கடிகாரம்

கைத்துப்பாக்கிப் போட்டிகளுள் ‘பிராக்டிகல் ஷூட்டிங்’ எனப்படும் செயல்முறைச் சுடுதல், ஒலிம்பிக் அரங்கில் காணப்படும் சுடுதலினின்று ஓர் அடிப்படையான இடத்தில் வேறுபடுகிறது. ஒலிம்பிக் வீரருக்கு நேரம் என்பது ஓர் எல்லை மட்டுமே. அவ்வெல்லைக்குள் முந்தி முடித்தாலும் பிந்தி முடித்தாலும் இலக்கில் விழுந்த புள்ளிகள் மாறுவதில்லை. செயல்முறைச் சுடுதலில் இறங்குபவரோ இடுப்பு உறையிலிருந்து துப்பாக்கியை உருவி, ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்துக்கு நகர்ந்து, தோட்டா தீர்ந்த மேகசினைக் கழற்றி வேறொன்றைச் செருகி, பல இலக்குகளை அடுத்தடுத்துச் சுட்டு முடிக்கவேண்டியவர். அதற்குள் கழியும் ஒவ்வொரு கணமும் அவருடைய மதிப்பெண்ணைத் தின்றுகொண்டே செல்கிறது. 1976ஆம் ஆண்டு அமெரிக்காவின் மிசூரி மாநிலத்துக் கொலம்பியா நகரில் கூடிய மாநாட்டில் தோன்றி, ஜெஃப் கூப்பரை முதல் தலைவராகக் கொண்ட ஐ.பி.எஸ்.சி. என்னும் சர்வதேசக் கூட்டமைப்பு, துல்லியம், ஆற்றல், வேகம் என்று பொருள்படும் மூன்று இலத்தீன் சொற்களைத் தன் முழக்கமாக ஏற்றுக்கொண்டது. இம்மூன்றுள் துல்லியத்தை இலக்குக் காகிதத்தில் காணலாம்; ஆற்றலைத் தோட்டாவின் எடையையும் திசைவேகத்தையும் கொண்டு கணிக்கலாம்; வேகத்தை மட்டும் கண்ணாலோ கையாலோ பிடிக்க இயலாது.

இவ்விளையாட்டின் கணக்குமுறையை அறிந்தால்தான் அளவுக் கருவியின் இன்றியமையாமை விளங்கும். ஒரு சுற்றில் பெற்ற புள்ளிகளைக் கூட்டி, அதற்கு எடுத்துக்கொண்ட நொடிகளால் வகுக்கக் கிடைக்கும் ஈவு ‘ஹிட் ஃபேக்டர்’ எனப்படுகிறது. அது யாருக்கு மிகுதியோ அவரே அச்சுற்றில் முதல்வர். காகித இலக்கின் நடுப்பகுதியான ‘ஏ’யில் விழுந்த தோட்டாவுக்கு 5 புள்ளிகளும், அதைச் சூழ்ந்த ‘சி’யில் விழுந்ததற்கு, ஆற்றல் குறைந்த வகைத் தோட்டாவைப் பயன்படுத்துவோர்க்கு, 3 புள்ளிகளும் உண்டு. பன்னிரண்டு தோட்டாக்களுள் பத்தை ‘ஏ’யிலும் இரண்டை ‘சி’யிலும் பதித்து 7 நொடியில் முடித்தவருக்கு 56 புள்ளிகளும் ஈவாக 8உம் கிடைக்க, எட்டை ‘ஏ’யிலும் நான்கைச் ‘சி’யிலும் பதித்து 6.25 நொடியில் முடித்தவர், 52 புள்ளிகளே பெற்றிருந்தும், 8.32 என்னும் ஈவோடு அவரை முந்திவிடுகிறார். அதே விரைவில் ஒரு தோட்டா இலக்கையே தவறவிட்டால் அதற்குரிய புள்ளிகள் போவதோடு 10 புள்ளி தண்டமும் சேர, முந்தியவர் வெகுதூரம் பின்தங்குவார். இத்தகைய நுண்ணிய கணக்கில் நூறில் ஒரு நொடிவரை நம்பத்தக்க கடிகாரம் இல்லையெனில் போட்டியும் இல்லை, பயிற்சியும் இல்லை.

அக்கடிகாரமே ‘ஷாட் டைமர்’. கைக்குள் அடங்கும் இப்பெட்டியில் ஒரு பஸர், ஓர் ஒலிவாங்கி, குவார்ட்ஸ் படிகத்தின் அதிர்வைக் கொண்டு நேரம் எண்ணும் ஒரு மின்சுற்று, ஒரு சிறு திரை ஆகிய நான்குமே முதன்மையான உறுப்புகள். பஸர் ஒலித்த கணத்தில் எண்ணத் தொடங்கும் கருவி, அதன்பின் தான் கேட்கும் ஒவ்வொரு வெடியோசையையும் அது நிகழ்ந்த நேரத்தோடு பதிந்துவைக்கிறது. முதல் வெடிக்கு ஆன நேரம், ஒரு வெடிக்கும் அடுத்ததற்கும் இடைப்பட்ட ‘ஸ்பிளிட்’, கடைசி வெடிவரையிலான மொத்த நேரம் ஆகிய மூன்றும் திரையில் கிடைக்கின்றன. கருவிக்குக் கண் இல்லை. சுட்டவர் யார், தோட்டா எங்கே பட்டது என்பவற்றை அது அறியாது. அது ஒரு செவியும் ஒரு குரலும் மட்டுமே. இவ்வெளிய உண்மையைக் கருவி வாங்கப் புறப்படுவோருள் பலர் மறந்து, திரையின் அளவையும் நினைவகத்தின் கொள்ளளவையும் ஒப்பிட்டுக்கொண்டிருப்பதை இக்கட்டுரையாளர் பல ஆண்டுகளாகக் கண்டிருக்கிறார். தொடக்கத்தில் அவரும் அவ்வாறே செய்தவர்.

இக்கருவி வருமுன் இவ்விளையாட்டு நேரத்தை வேறு வழிகளில் கையாண்டது. 1950களில் கலிஃபோர்னியாவின் பிக் பேர் ஏரியை ஒட்டிக் கூப்பர் நடத்திய தொடக்ககாலப் போட்டிகளில் இருவர் ஒரே சமயத்தில் துப்பாக்கியை உருவி, எதிரே கட்டப்பட்ட பலூன்களைச் சுட்டனர். யாருடைய பலூன் முதலில் வெடித்ததோ அவர் வென்றார். அதில் கடிகாரத்துக்கு வேலையே இல்லை. பின்னர்ப் பலரை ஒரே அளவுகோலால் ஒப்பிடவேண்டி வந்தபோது நடுவரின் வாயில் ஊதலும் கையில் நிறுத்துக் கடிகாரமும் ஏறின. ஒலியைக் கேட்டு விரலை அசைக்க மனிதனுக்கு ஏறத்தாழ 0.15 நொடி ஆகிறது. ஒளியைக் கண்டு அசைக்க இன்னும் சற்று மிகுதி. லைப்சிக் நகரில் 1879இல் வில்ஹெல்ம் வுண்ட் உளவியல் ஆய்வகம் அமைத்த காலத்திலேயே, ஆயிரத்தில் ஒரு நொடியை அளக்கவல்ல ஹிப் காலமானியைக் கொண்டு அறிஞர்கள் ஆராய்ந்த பொருள் இது. சுடுபவரின் கடைசி வெடியைக் கேட்டு நடுவரின் கட்டைவிரல் எப்போது அழுந்தியது என்பது அன்றன்றைய களைப்பைப் பொறுத்ததாக இருந்தது. அதைவிடப் பெரிய குறை, அக்கடிகாரம் மொத்த நேரத்தை மட்டுமே சொல்லவல்லதாய் இருந்ததே. 1980களில் மின்னணு டைமர்கள் புழக்கத்துக்கு வந்தபின்னரே, ஏழு நொடி ஓட்டத்துக்குள் எந்த அரை நொடி வீணாயிற்று என்று சுடுபவர் அறியும் வாய்ப்புப் பிறந்தது.

இக்கட்டுரையாளர் இவ்விளையாட்டைக் கற்ற இடம் நடு டெக்சாஸில் உள்ள ஒரு சங்கத்தின் சுடுகளம். அப்பகுதி சுண்ணாம்புப் பாறை நிலம். மேல்மண் ஒரு சாண் தோண்டுமுன் வெண்பாறை எட்டிப்பார்க்கும். மெஸ்கிட் முட்செடிகளும் குட்டையான சீடர் மரங்களுமே நிழல். உயர்ந்த மண்கரைகளால் மூன்று பக்கமும் அணைக்கப்பட்ட ‘பே’ எனப்படும் தனித்தனி அறைகளாகக் களம் பிரிக்கப்பட்டிருந்தது. ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்கைந்து பேக்களில் ஒரே நேரத்தில் வெடியோசை எழும். முதல் ஓராண்டு டைமர் இன்றியே பயிற்சி நடந்தது. உடல் விரைவாக இயங்குவதுபோன்ற உணர்வையே விரைவென்று மனம் ஏற்றுக்கொண்டிருந்த காலம் அது. தோள் இறுகி, மூச்சு நின்று, கை பதறிய ஓட்டங்கள் வேகமானவையாகவும், அமைதியாகச் சென்றவை மந்தமானவையாகவும் தோன்றின. டைமரிடமிருந்து முதன்முறையாகப் பெற்ற எண்கள் இதற்கு நேர்மாறானதைக் காட்டின. பதறிய உருவலுக்கு 2.1 நொடியும், சோம்பலாகத் தோன்றிய உருவலுக்கு 1.8 நொடியும் திரையில் நின்றன. தன் உடலைப் பற்றித் தான் கொண்டிருந்த நம்பிக்கை பொய் என்று ஒரு சிறு பெட்டி சொல்லக் கேட்பது எளிய அனுபவம் அன்று. அதைச் சொல்லவல்ல கருவியைச் சொந்தமாக வைத்திருக்கவேண்டும் என்னும் விருப்பம் அன்றே வேரூன்றிற்று.

முதலில் நாடியது கைபேசிச் செயலியை. செலவில்லை, வண்ணத் திரை உண்டு, முன்னைய நாள்களின் வரைபடம் உண்டு. ஆயினும் கைபேசியின் ஒலிவாங்கி மனிதப் பேச்சுக்கென வடிக்கப்பட்டது; உரத்த ஒலியைத் தானே தணித்து, மெல்லிய ஒலியைத் தானே உயர்த்தி, பேச்சல்லாதவற்றை இரைச்சலென்று வடிகட்டும் இயல்புடையது. துப்பாக்கியின் வெடியோ சில மில்லிநொடிகளே நீடித்து, 150 டெசிபலைத் தாண்டி எழுவது. முதல் வெடியின் தாக்கத்தில் தன்னைச் சுருக்கிக்கொண்ட ஒலிவாங்கி இரண்டாம் வெடியை விட்டுவிட்டு மூன்றாவதைப் பதிந்த நிகழ்வுகள் பல. குரலும் போதவில்லை, செவிக்காப்பு அணிந்தபின் கைபேசியின் பீப் ஒலி, அடுத்த பேயின் ஓசைக்கிடையே, வந்ததா வராததா என்னும் ஐயத்தையே தந்தது. வீட்டில் தோட்டாவின்றிச் செய்யும் பயிற்சிக்கு அச்செயலி போதுமானதாக இருந்தது. களத்தில் அதற்கு இடமில்லை என்பது இரு வாரங்களில் தெளிவாயிற்று.

அச்சங்கத்தில் மூத்த ரேஞ்ச் ஆபீசர் ஒருவர் இருந்தார். ரேஞ்ச் ஆபீசர் என்பவர் போட்டியாளரின் தோளருகே நின்று, பாதுகாப்பைக் கவனித்து, கட்டளைகளைச் சொல்லி, டைமரை இயக்கும் நடுவர். எழுபதை நெருங்கிய அப்பெரியவர், நிறுத்துக் கடிகாரக் காலத்திலிருந்தே சுட்டுவருபவர். செவிக்காப்பின் அருமையை ஊரே அறியாத அந்நாள்களில் வெறும் பஞ்சை அடைத்துக்கொண்டு சுட்டதன் விலையைத் தம் செவிகளால் கொடுத்தவர். டைமர் வாங்கும் எண்ணத்தைக் கேட்ட அவர், எந்த நிறுவனத்தின் பெயரையும் சொல்லவில்லை. வெவ்வேறு உறுப்பினர்களிடமிருந்து நான்கு டைமர்களை இரவல் வாங்கி ஒரு மரப்பலகைமேல் வரிசையாக வைத்து, செவிக்காப்பை அணிந்து திரும்பி நிற்கச் சொல்லி, ஒன்றன்பின் ஒன்றாக ஒலிக்கச்செய்து, எது காதில் விழுந்ததென்று அன்றி, எது உடலை அசைத்ததென்று கேட்டார். வாங்குவது கடிகாரத்தை அன்று, ஒரு குரலை என்பது அவர் கருத்து.

அச்சோதனையின் பொருள் பின்னரே விளங்கிற்று. இவ்வகைப் பஸர்கள் பொதுவாக 2,000 முதல் 4,000 ஹெர்ட்ஸ் வரையிலான உயர் சுருதியில் ஒலிப்பவை. வெடியோசையால் பழுதுபட்ட செவி முதலில் இழப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியையே. நுரைச் செவியடைப்பான்கள் தாழ்ந்த ஒலியைவிட உயர்ந்த ஒலியையே மிகுதியாகத் தடுப்பவை. ஆகவே நெடுங்காலம் சுட்டுவந்தவர் ஒருவர், நன்றாக அடைத்த செவியோடு, உயர் சுருதிப் பஸரை எதிர்பார்த்து நிற்கும்போது இருவகை இழப்பும் ஓரிடத்திலேயே சந்திக்கின்றன. மெல்லொலியைப் பெருக்கி வல்லொலியை வெட்டும் மின்னணுச் செவிக்காப்பு இதற்கு ஓரளவு மருந்தாகிறது. எனினும் பஸரின் சுருதி சற்றுத் தாழ்ந்ததாகவும் உறுதியாகவும் இருப்பதே நிலையான தீர்வு. பலகைமேல் இருந்த நான்கனுள் ஒன்று கூச்சல்போல் கீச்சிட்டது. ஒன்று கேட்பதற்கு இனிமையாக இருந்து உடலை அசைக்காமல் விட்டது. மற்ற இரண்டும் நன்று. அவ்விரண்டனுள் ஒன்றைப் பெரியவரால் கேட்க முடியவில்லை என்பதை அவருடைய முகத்தைக் கண்டே அறியவேண்டியிருந்தது.

குரல் தேறியபின் செவியைச் சோதிக்கவேண்டும். ஒலிவாங்கியின் கூர்மை மிகுந்தால் பக்கத்துப் பேயின் வெடிகளும் கணக்கில் சேரும். குறைந்தால் சொந்த வெடியே விடுபடும். போட்டியில் நடுவர் டைமரைத் துப்பாக்கிக்கு அருகே நீட்டிப் பிடிப்பதும், கடைசி வெடி முடிந்தவுடன் வேற்றொலி புகாதபடி அதை விலக்குவதும் இதனாலேயே. கருவி கேட்ட கடைசி வெடியின் நேரமே போட்டியாளரின் நேரமாதலால், அயலாரின் ஒரு வெடி புகுந்தாலும் ஓட்டமே பாழாகும். தனியே பயில்பவருக்கு அப்படி ஒரு கை இல்லை. டைமரை இடுப்பு வாரில், துப்பாக்கிக்கு எதிர்ப்பக்கத்தில் செருகிக்கொண்டு, கூர்மையை அவரே படிப்படியாகத் திருத்தவேண்டும். .22 வகைச் சிறு தோட்டாவுக்கு ஓர் அளவும் 9 மில்லிமீட்டருக்கு வேறோர் அளவும் தேவைப்படும். கூரையுள்ள உள்ளரங்கில் அவ்விரண்டும் பொருந்தாமற்போகும். இத்திருத்தத்தை இரண்டு பொத்தான்களில் முடிக்கும் கருவிக்கும், ஐந்தாறு அடுக்குப் பட்டியலுக்குள் இறங்கித் தேடவைக்கும் கருவிக்கும் உள்ள வேறுபாடு கடையில் தெரிவதில்லை; வெயிலில், வியர்த்த விரலோடு, தோட்டா நிரப்பிய துப்பாக்கி இடுப்பில் இருக்கும்போது தெரிகிறது.

எதிரொலியைப் பற்றி ஒரு நாள் கற்ற பாடம் இன்றும் நினைவில் நிற்கிறது. கூப்பர் வகுத்த ‘எல் பிரசிடென்டே’ என்னும் பயிற்சி அன்று நடந்தது. ஒரு மீட்டர் இடைவெளியில் நிற்கும் மூன்று இலக்குகளுக்கு 10 மீட்டர் தொலைவில் முதுகைக் காட்டி நின்று, ஒலி கேட்டுத் திரும்பி, திரும்பிய பின்னரே துப்பாக்கியை உருவி, ஒவ்வோர் இலக்கிலும் இரண்டு தோட்டாக்களைச் சுட்டு, மேகசினை மாற்றி, மறுபடியும் இரண்டிரண்டு சுடுவது அதன் முறை. பன்னிரண்டு வெடிகளையும் 10 நொடிக்குள் முடிப்பது ஒருகாலத்தில் தேர்ச்சியின் அடையாளமாயிருந்தது. இன்றைய முன்னணியினர் அதில் பாதிக்கும் குறைவாகவே எடுத்துக்கொள்கின்றனர். இரவல் வாங்கிய ஒரு டைமர் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் பன்னிரண்டுக்கு மேற்பட்ட வெடிகளைக் காட்டியது. வரிசையில் இறுதியாக நின்ற மிகைவெடி எப்போதும் கடைசியாகச் சுட்ட வெடிக்குப்பின் 0.29 நொடியில் வந்தது. அதன் மாறாத் தன்மையே ஐயத்தைக் கிளப்பியது. மனிதர் சுடும் வெடிகளின் இடைவெளி இம்மியளவேனும் மாறும். மாறாதது வேறெதுவோ ஆகவேண்டும். ஒலி நொடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்வதாகக் கொண்டால் 0.29 நொடியில் அது நூறு மீட்டர் செல்லும். போகவும் மீளவும் ஆகுமெனில் ஐம்பது மீட்டர். சுட்ட இடத்திலிருந்து பேயின் திறந்த வாயில் வழியே பின்புறமாக அடியெடுத்து எண்ணிச்சென்றபோது, ஐம்பதாவது மீட்டரையொட்டிச் சாலைக்காக வெட்டப்பட்ட சுண்ணாம்புப் பாறைச் சுவர் நேர்செங்குத்தாக எழுந்து நின்றது. அடுத்த வெடி விரைந்து தொடர்ந்த இடங்களில் எதிரொலிகள் அதனோடு கலந்து மறைய, இடைவெளி நீண்ட இடங்களிலும் கடைசி வெடிக்குப்பின்னும் அவை தடையின்றித் திரும்பிவந்து வெடிகளாகப் பதிந்திருக்கின்றன.

இக்குறையைக் களையவே டைமர்கள் ஒரு வெடியைக் கேட்டபின் மிகச் சிறு கணம் செவியை மூடிக்கொள்ளும்படி அமைக்கப்படுகின்றன; சிலவற்றில் அக்கணத்தின் நீளத்தைப் பயனரே மாற்றலாம். அதை நீட்டினால் எதிரொலி அடங்கும். ஆனால் தேர்ந்தவர்களின் ஸ்பிளிட் 0.20 நொடிக்கும் கீழே இறங்குவதால், மிகவும் நீட்டினால் உண்மையான வெடியே தொலையும். 0.29 நொடியில் திரும்பும் பாறையின் குரலை அவ்வழியில் அடக்க இயலாது. கூர்மையைக் குறைப்பதும், உடலால் மறைத்து டைமரை முன்பக்கத்தில் செருகிக்கொள்வதுமே அன்று கைகொடுத்தன. இடத்தின் இயல்புக்கேற்பச் செவியைத் திருத்தும் வசதியே ஒரு டைமரின் தலையாய தகுதி என்னும் முடிவு அப்பாறைச் சுவரின் அடியில் நின்றபோது ஏற்பட்டது. பின்னர் அதை மாற்றிக்கொள்ளக் காரணம் எழவில்லை.

தோட்டாவின்றிப் பயிலும் ‘டிரை ஃபயர்’ வேறொரு தேவையை முன்வைக்கிறது. துப்பாக்கி வெறுமையாக இருப்பதை இருமுறை சோதித்து, தோட்டாக்களை வேறோர் அறையில் வைத்துப் பூட்டியபின், உருவுதலையும் மேகசின் மாற்றுதலையும் வீட்டுச் சுவருக்கு எதிரே மீண்டும் மீண்டும் செய்வது இப்பயிற்சி. போட்டியாளர்கள் களத்தில் செலவிடுவதைவிட மிகுந்த நேரத்தை இதில்தான் செலவிடுகின்றனர். வெடியோசை இல்லாமையால் இங்கே டைமரின் செவி பயன்படுவதில்லை. ‘பார் டைம்’ எனப்படும் இரண்டாம் பீப்பே பயன்படுகிறது. முதல் பீப்பில் தொடங்கிய செயல், குறித்த இடைவெளிக்குப்பின் ஒலிக்கும் இரண்டாம் பீப்புக்குமுன் முடிந்ததா இல்லையா என்பதே கேள்வி. முதல் பீப் எப்போது வரும் என்பது தெரியாமலிருப்பதும் முக்கியம். ‘ஸ்டேண்ட் பை’ என்னும் கட்டளைக்குப்பின் 1 முதல் 4 நொடிக்குள் எப்போதேனும் ஒலி வரலாம் என்பது போட்டி விதி. அந்நிச்சயமின்மையை டைமரும் தரவேண்டும். ஒரே இடைவெளியில் ஒலிக்கும் கருவியோடு பயின்றவரின் கை ஒலிக்குமுன்பே எழத்தொடங்கிவிடுகிறது. அத்தகைய எண்கள் அழகாக இருக்கும், போட்டியன்று உதவா. இவற்றோடு ஒலியைத் தணிக்கும் வசதியும் வேண்டும். இரவு பத்து மணிக்கு உறங்கும் குழந்தையை எழுப்பும் பஸரோடு யாரும் நெடுநாள் பயில்வதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். உள்ளேயே மின்னேற்றும் மின்கலம் கொண்டவை இலேசானவை. ஆனால் முந்தைய இரவு மறந்தால் மறுநாள் பயிற்சி போயிற்று. ஒரு பிப்ரவரிக் காலை, எழுபது கிலோமீட்டர் ஓட்டிச் சென்றபின் இரவல் டைமர் உயிரற்றுக் கிடந்ததைக் கண்ட நாளிலிருந்து, சிற்றூர்க் கடையிலும் கிடைக்கும் 9 வோல்ட் மின்கலம் கொண்ட கருவியே மேலென்று தோன்றிற்று. நேர்வெயிலில் படிக்கமுடியாத திரை எவ்வளவு பெரிதாயினும் பயனில்லை. கைபேசியோடு புளூடூத்தில் பேசும் புதிய வகைகள், எண்களைத் தாமே சேமித்து அட்டவணையாக்குபவை, சங்கம் நடத்துவோர்க்குப் பெரும் துணை. தனியே பயில்பவருக்கு அவை தரும் பயன், அவர் அவ்வட்டவணையைத் திறந்து பார்ப்பதைப் பொறுத்தது. எந்தக் கருவியாயினும் அதன் விலை ஆண்டுதோறும் சுட்டுத்தீர்க்கும் தோட்டாக்களின் விலைக்குமுன் சிறிது. ஆகவே விலையை முதற்காரணமாக்குவது சரியன்று என்பது இக்கட்டுரையாளரின் உறுதியான எண்ணம்.

அன்று பலகைமேல் இருந்தவற்றுள் பெரியவராலும் கேட்க முடிந்த ஒன்று ‘பாக்கெட் புரோ’ வகையைச் சேர்ந்தது: 9 வோல்ட் மின்கலம், சில பொத்தான்கள், உறுதியான குரல். வாங்கப்பட்டது அதுவே. அதைவிடச் சிறியனவும் மிகுந்த வசதியுள்ளனவும் அப்போதே இருந்தன. தேர்வுக்குக் கூர்மைத் திருத்தம், பார் டைம், மின்கலம் என்று காரணங்கள் பல சொல்லப்பட்டாலும், பெரியவரும் இக்கட்டுரையாளரும் சேர்ந்து பயிலும் சனிக்கிழமைகளில் ஒருவருக்கு மட்டும் கேட்கும் கருவியை வாங்க மனம் ஒப்பவில்லை என்பதே முதற்காரணம்.

கருவி கைக்கு வந்த முதல் சில மாதங்கள் எண்களின் காலம். உருவல் 1.8இலிருந்து 1.5க்கும், மேகசின் மாற்றம் 2.9இலிருந்து 2.2க்கும் இறங்கின, குறிப்பேட்டின் பக்கங்கள் நிறைந்தன. அதே மாதங்களில் இலக்குக் காகிதத்தின் ‘ஏ’ பகுதி மெல்ல மெல்ல வெறுமையாகி வந்ததைக் குறிப்பேடு சொல்லவில்லை, ஏனெனில் அதில் அதற்கென ஒரு பத்தி வரையப்படவே இல்லை. ஓட்டம் முடிந்த மறுகணமே கண் டைமரின் திரைக்குத் தாவியது. எண் நன்றாயிருந்தால் காகிதத்தை நோக்கிய நடை ஒரு சடங்காயிற்று. இதைப் பல வாரங்கள் பேசாது கவனித்த பெரியவர், ஒரு காலை தம் பையிலிருந்து இலக்குகளின் ஓட்டைகளை மூடப் பயன்படும் பழுப்பு நிற ஒட்டுத்தாள் சுருளை எடுத்து, அதில் ஒரு துண்டைக் கிழித்து, டைமரின் திரைமேல் ஒட்டிவிட்டார். முதலில் காகிதத்திடம் சென்று ஒவ்வோர் ஓட்டையையும் வாய்விட்டு எண்ணவேண்டும். எண்ணியதைக் குறிப்பேட்டில் எழுதவேண்டும். அதன்பின் தாளை உரிக்கலாம். அவர் விதித்த முறை அவ்வளவே.

அம்முறை சில வாரங்களில் செய்த மாற்றத்தை விளக்குவது கடினம். நேரத்தை அறியுமுன் புள்ளிகளை எழுதியதால், ஓட்டம் எவ்வாறு சென்றது என்று உடல் தானே ஊகிக்கவேண்டியதாயிற்று, 6.8 இருக்கும் என்று எண்ணித் தாளை உரித்தால் 7.4 இருந்தது, மறுவாரம் 7 என்றதற்கு 7.2, இன்னும் சில வாரங்களில் ஊகமும் எண்ணும் பத்தில் ஒரு நொடிக்குள் நெருங்கின. முதலாண்டில் பொய்யுரைத்த உடலுணர்வு மெய்யுரைக்கக் கற்றுக்கொண்டது. எங்கே நேரம் வீணாகிறது என்பதும் அப்போதுதான் புலப்பட்டது. ஒரே இலக்கின் இரண்டு வெடிகளுக்கு இடையிலான ஸ்பிளிட்டை 0.30இலிருந்து 0.25ஆக்க எத்தனையோ நாள்கள் உழைத்திருக்க, ஓர் இலக்கிலிருந்து அடுத்ததற்குக் கண் நகரும் இடைவெளியும், மேகசின் செருகியபின் மீண்டும் குறிகாணும் இடைவெளியும் அதைப்போல் பல மடங்கு நேரத்தை விழுங்கிக்கொண்டிருந்தன. எண்கள் முன்பும் அவற்றைக் காட்டியே வந்தன. மொத்த நேரத்தை நாடிய கண் அவ்வரிகளைத் தாண்டிச் சென்றிருக்கிறது.

பெரியவரின் செவி ஆண்டுக்காண்டு குறைந்துவந்தது. போட்டிகளில் டைமரை இயக்கும் பணியை அவர் தாமே விட்டுவிட்டார். கட்டளைக்கு வரும் மறுமொழியைப் பிழையாகக் கேட்கும் நடுவர் களத்தில் நிற்கலாகாது என்பதில் அவர் தம்மிடமும் இரக்கம் காட்டவில்லை. சுடுவதை விடவில்லை. இடுப்பில் செருகிய டைமர் ஒலித்தும் அவர் அசையாது நின்ற ஒரு காலைக்குப்பின் வேறு வழி தேடவேண்டியதாயிற்று. தோளில் மாட்டிப் பார்த்தும் பயனில்லை. இறுதியில் டைமரின் கொக்கியை அவருடைய செவிக்காப்பின் தலைவளைவிலேயே செருகியபோது, பஸரின் அதிர்வு வளைவின் வழியே எலும்புக்கு இறங்கியதோ, செவிக்கு மிக நெருங்கியதால் எஞ்சிய செவித்திறனுக்கு அது போதுமானதாயிற்றோ, அவர் தலையை உயர்த்திச் சிரித்தார். மறுபடியும் ஒருமுறை ஒலிக்கச்செய்யுமாறு கையால் காட்டினார்.

அன்று அவர் எல் பிரசிடென்டேயை ஒருமுறை சுட்டார். தலைமேல் கறுப்புப் பெட்டியோடு இலக்குகளுக்கு முதுகைக் காட்டி நின்று, பஸர் ஒலித்ததும் தயங்காமல் திரும்பினார். மேகசினை மாற்றுகையில் விரல் சற்றுத் தடுமாறியது. முடிந்தபின் துப்பாக்கியை வெறுமையாக்கிக் காட்டி, உறைக்குள் வைத்து, மூன்று காகிதங்களையும் நோக்கி நடந்து, ஓட்டைகளை ஒவ்வொன்றாக விரலால் தொட்டு எண்ணினார். பதினொன்று ‘ஏ’, ஒன்று ‘சி’. குறிப்பேட்டை வாங்கித் தம் கையாலேயே 58 என்று எழுதினார். தலைவளைவிலிருந்து டைமரைக் கழற்றி நீட்டியபோது திரைமேல் பழுப்புத் தாள் ஒட்டியபடியே இருந்தது; அதை உரிக்குமாறு அவர் கேட்கவில்லை, அடுத்த ஓட்டத்துக்கு மேகசினில் தோட்டாக்களை நிரப்பத் தொடங்கிவிட்டார்.